நாற்பத்தொரு ஃபிளாம்கள்

மார்ச் 4

டூகல் இன்று பள்ளி அரங்கில், பயிற்சிக்கு நடுவே, என் தாளக் குறிப்பைச் செத்த எலியைப் போல வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். எங்கள் பேக்பைப் பேண்டின் பைப் மேஜர் அவன்; பைப்பும் டிரம்மும் சேர்ந்த மொத்தக் குழுவுக்கும் தலைவன். வந்து ஐந்து மாதம். டிரம்காரர்களுக்குத் தலைவன் நான். பத்தொன்பது வருடம்.

"என்னப்பா மர்டோ, ஒரே அணில் ஓட்டமா இருக்கு? என் பைப்பு எங்க கேக்குது?"

அணில் என்றது என் ஃபிளாம்களை. ஓங்கி விழும் அடிக்கு மயிரிழை முன்னால் மறு கை மெல்லத் தொட்டுவிட்டுப் போகும். அந்தத் தொடுகை இல்லாவிட்டால் டிரம்முக்கும் கதவைத் தட்டும் தபால்காரருக்கும் என்ன வித்தியாசம்?

"மே மாசப் போட்டிக்குள்ள பாதியை எடுத்துடு. இல்லேன்னா தலைமைய எய்லிகிட்ட குடுத்துடு."

மார்ச் 5

எண்ணினேன். நாற்பத்தொன்று.

மார்ச் 11

பாதி கேட்டான். முழுவதையும் எடுத்துவிட்டேன். நடுவர் இந்த எலும்புக்கூட்டைக் கேட்டுவிட்டு என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளை டூகலின் மூக்குக்கு நேரே பிடித்து வாசிப்பேன்.

என் பக்கத்தில் நின்று டிரம் வாசிக்கும் எய்லி குறிப்பைப் பார்த்தாள். "யோவ், உப்பே போடாம கஞ்சி காய்ச்சிருக்க. யாரு குடிக்கிறது?"

"டூகல்."

ஏப்ரல் 8

கைகள் கேட்க மறுக்கின்றன. பழக்கதோஷத்தில் ஃபிளாம் அடித்தவர் அந்த வரியைப் பத்துத் தடவை வாசிக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். அதிகம் வாசித்தவன் நான்தான். டிரம்காரர்கள் ஆறு பேரும் என்னை வெறுக்கிறார்கள், நான் உட்பட.

மே 17

மழை. வட்டமாக நின்றோம். டிரம் நடுவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்து நடந்து எழுதினார்.

டிரம்மில் முதலிடம். பத்தொன்பது வருடத்தில் முதல் முறை.

தாளில்: 'ஆறு பேரும் ஒரே கை. பாராட்டத்தக்க அடக்கம். பைப்புகள் நன்றாகக் கேட்கின்றன.'

டூகல் என் தோளில் கை போட்டான். "நான் சொன்னேன்ல?"

வீட்டுக்கு வந்து அந்தத் தோளை இரண்டு முறை கழுவினேன்.

ஜூன் 10

"கொஞ்சம் வறட்சியா இருக்கேப்பா," என்கிறான் டூகல். "அங்கங்க நாலு அணில விடேன்."

"ஒண்ணுகூடக் கிடையாது. நடுவர் எழுதினத படி."

"அப்ப தலைமைய—"

"மொதப் பரிசு வாங்கினவன்கிட்டருந்தா? பிடுங்கு பாப்போம்."

அவன் முகம் போன போக்கை ரசித்தேன். என்ன பேசினேன் என்பது பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. யாருடைய கட்சியில் இருக்கிறேன் நான்?

ஆகஸ்ட் 30

மூன்று போட்டி, மூன்று முதலிடம். உள்ளூர்ப் பத்திரிகை 'அடக்கத்துக்குப் பேர்போன மர்டோ' என்று எழுதியிருக்கிறது. எய்லி அதை வெட்டி என் டிரம் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். கடன்காரி.

செப்டம்பர் 6

ஜன்னல்களைச் சாத்தினேன். பயிற்சிக்கான ரப்பர் பலகைமேல் சத்தம் வராதபடி துண்டை விரித்து, பழைய குறிப்பை எடுத்து வைத்தேன்.

பதினேழாவது ஃபிளாமில் கை நின்றுவிட்டது. தொடுகை, அடிக்குப் பின்னால் வந்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் பதினேழு.

டூகலுக்குத் தெரியக்கூடாது.