சாக்ஸுக்குள் மெட்டி

சாக்ஸைக் கழற்றி எங்கே போட வேண்டும் என்று கடைசிவரை கற்றுக்கொள்ளாத என் மாமாவுக்கு,

உங்களுக்கு ஒரு செய்தி. நான் இப்போது சாக்ஸ் போடுகிறேன். சிரிக்காதீர்கள். பனிக்காலத்தில் பாதம் வெடித்து ரத்தம் வந்தபோது நீங்கள் உங்கள் சாக்ஸை நீட்டுவீர்கள். "ஆம்பள சாக்ஸ மாட்டிக்கினு நான் தண்ணி புடிக்கப் போவணுமா?" என்று தள்ளிவிட்டவள்தான் நான். இன்று கறுப்பு சாக்ஸ், கறுப்பு ஷூ, பேண்ட், சட்டை, இடுப்பில் பெல்ட். வைட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை. நீங்கள் பார்த்த அதே வேலை, நீங்கள் போன அதே ரயில்.

நம் பிள்ளை பிரபு வேண்டாம் என்றுதான் சொன்னான். பெங்களூரில் மொபைல் கடையில் அவன் வாங்கும் சம்பளம் எங்கள் இருவருக்கும் போதும். ஆனால் உங்கள் கட்டிலைப் பார்த்துக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. அதனால் போனேன்.

சாக்ஸைப் பற்றி உங்களைப் போலப் பேசுகிறவர் நம் தங்கச் சுரங்க ஊர் கோரமண்டலில் வேறு யாரும் இருந்ததில்லை. உங்கள் தாத்தா சுரங்க ஷாஃப்டில் இறங்கியபோது காலில் கோணித் துணியைச் சுற்றிக்கொண்டு போனாராம். உங்கள் அப்பா காலத்தில் பூட்ஸ் வந்தது, சாக்ஸ் வரவில்லை. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாராம். பங்களாவில் இருந்த துரைமார்கள் மட்டும் முழங்கால் வரைக்கும் கம்பளி சாக்ஸை இழுத்துவிட்டு, மேலே அழகாக ஒரு மடிப்பு மடித்திருப்பார்களாம். "நம்ம வம்சத்துலயே மொத மொதல்ல காசு குடுத்து சாக்ஸ் வாங்குனவன் நான்தான்டி" என்று எத்தனை முறை பெருமை அடித்திருக்கிறீர்கள்! ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் நீங்கள் சாக்ஸ் வாங்குவதை நின்று வேடிக்கை பார்க்கலாம். நைலான் என்றால் தொடமாட்டீர்கள். பருத்தியாக இருக்க வேண்டும், விரல் பக்கத் தையல் தடிக்கக் கூடாது, வாய் ரப்பர் இறுக்கக் கூடாது. "இன்னா சார், பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாக்குற" என்று கடைக்காரர் கேட்டார் ஒரு தடவை. வெட்கமே இல்லாமல் இன்னொரு ஜோடியை இழுத்துப் பார்த்தீர்கள்.

பிரபு பள்ளிக்கூடம் போகும்போது அவன் வெள்ளை சாக்ஸ் தொளதொளவென்று இறங்கும். நான் சைக்கிள் டியூபில் வளையம் வெட்டி மாட்டிவிடுவேன். "புள்ள காலுல ரத்த ஓட்டம் நின்னுடும்" என்று என்னோடு சண்டைக்கு வருவீர்கள். உங்கள் காலுக்கு மட்டும் அந்த அக்கறை கிடையாது. மைன் மூடிய பிறகு பெங்களூர் கேட்டுகளில் நின்று நின்றே உங்கள் கால் வீங்கியது. எவ்வளவு தொளதொளப்பான சாக்ஸ் வாங்கினாலும் சாயங்காலத்துக்குள் இறுகிவிடும். காற்றடிக்கும் மாதங்களில், தங்கம் எடுத்த கழிவைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டு மண் வேறு. ஸ்டேஷனிலிருந்து நடந்து வீடு வருவதற்குள் கறுப்பு சாக்ஸ் சாம்பல் சாக்ஸாகிவிடும். துவைத்தால் சிமெண்ட் கரைத்த மாதிரி தண்ணீர் ஓடும்.

அன்று காலையிலும் நைட் டூட்டி முடித்து வந்து, ஷூவை வாசலில் விட்டு, சாக்ஸோடு கட்டிலில் சாய்ந்தீர்கள். டீ எடுத்து வந்தேன். "அழுக்கு சாக்ஸோட படுக்காதீங்கன்னு எத்தினி தபா சொல்றது?" என்று கத்தினேன். நீங்கள் திருப்பிக் கத்தவில்லை. தூக்கம் போல என்று நானே உருவினேன். கால் சில்லென்றிருந்தது. அதற்குப் பிறகுதான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

குளிப்பாட்டும்போதும் கணுக்காலுக்கு மேலே ரப்பர் அழுத்திய கோடு அப்படியே இருந்தது. தினமும் நான் எண்ணெய் தொட்டுத் தேய்த்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும் கோடு. அன்றும் தேய்த்தேன். என்னைப் பிடித்து இழுத்தார்கள், விடாமல் தேய்த்தேன். மறையவில்லை மாமா. அந்தக் கோட்டோடுதான் உங்களை மண்ணில் வைத்தார்கள்.

கருமாதி அன்று அண்ணி, உங்கள் அக்கா, என் மெட்டியைக் கழற்றினார். அம்மிமேல் என் காலைத் தூக்கி வைத்து நீங்கள் போட்ட மெட்டி. அதற்குப் பிறகு அதை நான் கழற்றியதே இல்லை. விரல் தடித்து வெள்ளி உள்ளே அமுங்கிப் போயிருந்தது. அண்ணி சோப்பைக் குழைத்துத் தடவித் திருகித் திருகி எடுத்தார். வலிக்கிறது என்றேன். "வலிக்கத்தான் செய்யும்" என்றார். அவர் முகமும் நனைந்துதான் இருந்தது. இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்து, "கண்ணுல படாத எடத்துல வெச்சுடு" என்றார். எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியாமல் போனது. அன்று நான் நானாக இல்லை.

வேலைக்குப் போன முதல் நாள் உங்கள் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி சாக்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து உருண்டையாக உருட்டி வைப்பீர்களே, அப்படியே. கம்பெனியில் பெண்கள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அந்த உருண்டையைப் பிரித்தேன். மடியில் என்னவோ விழுந்தது. என் மெட்டி இரண்டும். கருமாதி அன்று நானேதான் அதற்குள் திணித்திருக்கிறேன்.

நான் யோசிக்கவில்லை மாமா. யோசித்திருந்தால் போட்டிருப்பேனா? சோப்பு இல்லாமலே விரலில் ஏறியது. அதற்குள் விரல் அவ்வளவு இளைத்திருந்தது. மேலே உங்கள் சாக்ஸை இழுத்துவிட்டேன். குதிகால் வர வேண்டிய இடம் கணுக்காலுக்கு மேலே போய் நின்றது. பக்கத்தில் ஜோதி நின்றிருந்தாள். நம் பின்வீட்டுப் பெண்தான், அதே கம்பெனியில் துப்புரவு வேலை செய்கிறாள். "இன்னாக்கா, அண்ணன் சாக்ஸா?" என்று கேட்டு என் தோளைத் தடவினாள். மெட்டியை அவள் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் டூட்டிக்குப் போனதும் போட்டுக்கொள்வேன், முடிந்ததும் கழற்றிவிடுவேன். ஊருக்கு வெறும் விரலோடு திரும்புவேன். நின்றுகொண்டே விரலை அசைத்தால் மெட்டி இருப்பது தெரியும். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. உள்ளே வரும் பெண்களின் ஷூவைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பது என் வேலை. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் சாக்ஸை நீங்கள் பார்க்க வேண்டும்! ஷூவுக்கு வெளியே தெரியாத குட்டை சாக்ஸ், பூனை படம் போட்ட சாக்ஸ், ஐந்து விரலுக்கும் தனித்தனியாக அறை வைத்த சாக்ஸ். ஒரு பெண் இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு வேறொன்று என்று வேண்டுமென்றே மாற்றிப் போட்டு வருகிறாள். இதையெல்லாம் வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்வது?

போன மாதம் எங்கள் கேட்டில் புதிதாக ஒரு கதவுச் சட்டம் வைத்தார்கள். உலோகத்தோடு நுழைந்தால் கத்தும். எல்லாரும் வரிசையில் நிற்க, முதலில் செக்யூரிட்டிக்காரர்கள் நடந்து காட்ட வேண்டும் என்று சூபர்வைசர் சொன்னார். நான் நடந்தேன். கத்தியது. பெல்ட்டைக் கழற்றினேன், கத்தியது. ஷூவையும் கழற்றினேன். அப்போதும் கத்தியது. "அம்மா, சாக்ஸ் தெகீரி" என்றார் கன்னடத்தில், சாக்ஸையும் கழற்றச் சொல்லி.

மைனில் மேலே வந்ததும் பூட்ஸைக் கழற்றி, சாக்ஸை உதறிக் காட்டச் சொல்வார்கள், தங்கக் கல்லை ஒளித்துவைத்திருக்கிறோமா என்று பார்க்க, என்று நீங்கள் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. "நாறுற சாக்ஸ அவன் மூஞ்சிக்கி நேரா ஒதறுவேன்" என்பீர்கள். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. குனிந்து உருவினேன். "ஓ, காலுங்குரமா? பரவால்ல, ஹோகி" என்று சூபர்வைசர் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார். அவருக்கு அது ஒரு பெண்ணின் காலில் கிடக்கும் மெட்டி, அவ்வளவுதான். வரிசையில் துடைப்பத்தோடு ஜோதி நின்றிருந்தாள். அவள் உங்கள் சாவுக்கு வந்து அழுதவள்.

அவள் கெட்டவள் இல்லை. யாரோ ஒருத்தியிடம் சொல்லியிருப்பாள், அந்த ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லியிருப்பாள். மறுநாள் ரயிலில் எனக்கு இடம் போட்டு வைக்கும் பெண்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். செல்வி பெங்களூரில் யாரையோ சேர்த்துக்கொண்டாள் என்று ஆகிவிட்டது.

பிரபு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"யாரும்மா அவரு?"

அவரு என்று மரியாதையாகக் கேட்டான் மாமா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். அவன் அதற்குள் தன் மனசைத் தேற்றிக்கொண்டு, யாரோ ஒருவருக்கு மரியாதை கொடுக்கவும் தயாராகிவிட்டிருந்தான்.

"உங்கப்பாதான்டா" என்றேன்.

"அப்பா செத்துட்டாரும்மா" என்றான்.

அண்ணி வந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "நீ அப்பிடிப்பட்டவ இல்லன்னு எனக்குத் தெரியும். ஊரு வாயி இன்னா உன் சூபர்வைசரா, போன்னு வுட்டுட்றதுக்கு? கழட்டிப் போட்டுட்டு நிம்மதியா இரு." அவர் காலில் மெட்டி இருந்தது. சண்டை போட்டுக்கொண்டு போன உங்கள் மச்சான் எந்த ஊரில் யாரோடு இருக்கிறாரோ, இத்தனை வருஷத்தில் ஒரு போன் கிடையாது. உயிரோடு இருக்கிறார் என்பதற்காக அண்ணி போட்டிருக்கிறார். கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அதை விட்டால் அவரிடம் வேறென்ன இருக்கிறது?

இப்போது உங்கள் முதல் தெவசம் வருகிறது. இடுகாட்டுக்கு எல்லாரும் வருவார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே ஷூவும் இல்லை, சாக்ஸும் இல்லை. அன்று மெட்டியோடுதான் வருவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். நேற்று பிரபு ரொம்ப நாள் கழித்து என்னிடம் வாய் திறந்தான்.

"டூட்டிக்கி நீ போட்டுக்கினு போம்மா, நான் இன்னா கேக்கப்போறேன். சாக்ஸுக்குள்ள இருக்குது, எவனுக்குத் தெரியும். அன்னிக்கி ஒரு நாளு மட்டும் கழட்டிடு. எல்லாரும் உன் காலத்தான் பாப்பாங்க."

அவன் கெஞ்சினான். நம் பிள்ளை கெஞ்சினால் எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தும் சொன்னேன். "வேற எந்த நாளு வேணும்னாலும் கழட்டுறேன்டா. அன்னிக்கி மட்டும் முடியாது. அன்னிக்கித்தான் உங்கப்பா எதிர்ல போயி நிக்கப் போறேன்."

அவன் எழுந்து போய்விட்டான். இன்று காலை ஒரே ரயிலில்தான் இருவரும் போனோம். அவன் வேறு பெட்டியில் ஏறினான்.

உங்கள் படத்தைப் போட்டு நாலு வரி கொடுக்கலாம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் இடம் கேட்டு வைத்திருந்தவனும் அவன்தான். அந்த நாலு வரியை நான் எழுதித் தருகிறேன் என்றேன். இதை எழுதிவிட்டேன். ஜோதி படிக்கட்டும். அண்ணிக்கு யாராவது படித்துக் காட்டட்டும். ரயில் பெண்களும் படிக்கட்டும். யார் அவர் என்று எல்லாரும் கேட்டார்களே, இதோ படத்தில் இருக்கிறார், பார்த்துக்கொள்ளட்டும்.

தெவசத்தன்று நான் வருவேன் மாமா. வெறுங்காலோடு வருவேன், மெட்டி போட்டுக்கொண்டு வருவேன். அண்ணி தடுத்தாலும் வருவேன். பிரபு வருவானா என்று தெரியவில்லை. வந்தால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வராவிட்டால் அவன் மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவன் சின்னப் பையன், அவனுக்கு இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டியிருக்கிறது. நான் தனியாக நிற்கிறேன்.

நேற்றும் இன்றும் உங்கள் ஒருவருக்கு மட்டுமே சம்சாரமான,
செல்வி