மேட்டுச் சேறு கறுப்பு

எங்கள் பாப்பாவுக்கு அம்மா ஆசையுடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அங்கே நீ நலமா என்று ஒரே வரியில் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்த வரி இந்தத் தடவை கைக்கு வரமாட்டேன் என்கிறது, அதனால் பிரித்துப் பிரித்தே சொல்கிறேன். அப்பாவின் இடுப்பு முக்கால்வாசி நலம். என் முட்டி நலம். என் வாய் எப்போதும்போல ரொம்பவே நலம். மனசு மட்டும் போன மாதம் படுத்துவிட்டு இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. ஏன் என்று போனில் சொல்லலாம் என்று பார்த்தால் நீ சரிம்மா, சரிம்மா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாதல்லவா. ஒரு டம்ளர் டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

பாதி உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் தண்டவாளத்தில் நடந்து நடந்து விரிசல் பார்த்த மனுஷன், ஓய்வு பெற்ற மறுவாரமே கால் நமநமக்கிறது என்று நடைச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தாரே, அங்கேயும் அதே வேலையைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிறுதோறும் ஆற்றோரமாகப் போய், காட்டுக்குள் ஏறி, காடு முடிகிற இடத்தில் இருக்கிற மரக் கதவைத் திறந்து மேட்டு வெளியைக் கடந்து திரும்பி வருவார். வந்ததும் ஒரு சின்னத் தாளில் மூன்றே மூன்று வரி. ஆற்றோரம் எப்படி, காடு எப்படி, மேடு எப்படி. அதைக் கொண்டுபோய் பஸ் நிறுத்தத்துப் பக்கத்தில் இருக்கிற கண்ணாடிப் பலகைக்குள் வைத்துப் பூட்டுவார். வாரம் முழுக்க நடக்கப் போகிறவர்கள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பலகையின் சாவி நம் வீட்டு ஆணியில் தொங்கும், என்னைக்கூடத் தொட விடமாட்டார். இத்தனை ரயில்களுக்கு நடுவே ஒரு கீறல் படாத ஆள், நம் குளியலறையில் ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். டாக்டர் தகடு வைத்து, ஆறு மாசத்துக்குச் சமதரையில் ஊன்றுகோலோடு மட்டும் என்று சொல்லிவிட்டார்.

அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஷூவை எடுத்துத் துடைப்பார், திரும்ப வைப்பார், திரும்ப எடுப்பார். நானும் பெரிய வீராங்கனை மாதிரி, நீங்கள் தாளை எழுதுங்கள், நடந்து பார்த்துச் சொல்வது என் பொறுப்பு என்று வாய் விட்டுவிட்டேன். தையல் கடையில் எந்நேரமும் உட்கார்ந்தே பிழைக்கிறவள், கடைத்தெருவுக்குப் போகவே பஸ் ஏறுகிறவள் நான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். எந்த இடத்தில் கல் ஆடும், வேலியைத் தாண்டுகிற எந்தப் படியில் இடது காலை முதலில் வைக்க வேண்டும் என்பது வரைக்கும் அதில் இருந்தது. முதல் ஞாயிறு போனேன். ஆற்றோரம் எனக்குப் பிடித்துவிட்டது. தண்ணீர் கூடவே பேசிக்கொண்டு வருகிறது, நமக்கும் பேச்சுத் துணை வேண்டும்தானே. காடு அதைவிடப் பிடித்தது. ஏறும்போது மூச்சு வாங்கினால் பிடித்துக்கொள்ள மரம் இருக்கிறது, உட்கார வேர் இருக்கிறது, கீழே சருகு மெத்தென்று கிடக்கிறது.

அந்த மரக் கதவைத் திறந்தேன் பார், அவ்வளவுதான். எதிரே மரம் கிடையாது, வீடு கிடையாது, ஒரு கம்பம் கிடையாது. முழங்கால் உயரத்துக்குப் புதர், அதன் அடியில் சேறு, சேற்றின் மேல் நடக்க வரிசையாகப் பலகைகள், அதற்குமேல் வானம். காற்று என்னை வா என்கிறதா போ என்கிறதா தெரியவில்லை. நீ வேலைக்கு வெளியூர் போன மறுநாள் உன் அறையைப் பெருக்கப் போய் வாசற்படியிலேயே நின்றேனே, அப்படி இருந்தது. எனக்குக் கால் வரவில்லை பாப்பா. கதவைச் சாத்திவிட்டுக் காட்டுக்குள்ளேயே ஒரு வெட்டுமரத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியையும் முட்டையையும் தின்றுவிட்டு, அப்பா மேட்டைச் சுற்றி வர எவ்வளவு நேரம் எடுப்பாரோ அவ்வளவு நேரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மேடு எப்படி என்று கேட்டார். போன தாளில் அவர் எழுதியிருந்ததையே ஒப்பித்தேன், பலகைகள் உறுதி, ஈரம் கணுக்கால் வரை. அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

ஒரு வாரம் என்றால் போகட்டும் என்று விடலாம். ஒன்பது வாரம். ஆறும் காடும் நான் சொன்னதில் எள்ளளவும் பொய் கிடையாது, கரை எங்கே அரித்தது, எந்த மரம் பாதையில் சாய்ந்தது எல்லாம் அட்சரம் பிசகாமல் சொல்வேன். மேடு மட்டும் ஒவ்வொரு வாரமும் அதே ஒப்பிப்பு. போகப் போக எனக்குத் துணிச்சல் வந்து, இன்றைக்கு மேலே ஒரு பருந்து வட்டமடித்தது, காற்றில் தொப்பி பறந்துபோனது, ஓடிப் பிடித்தேன் என்றெல்லாம் கைச்சரக்கைச் சேர்க்க ஆரம்பித்தேன். அப்பா என் ஷூவை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே புன்சிரிப்போடு கேட்பார். ரொம்ப நாள் கழித்து இந்த வீட்டில் நான் பேசவும் அவர் கேட்கவும் ஒரு விஷயம் இருந்தது. அந்தச் சுகத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன மாதம் மூன்று நாள் விடாமல் மழை. அதற்கடுத்த சனிக்கிழமை சங்கத்துச் செயலாளர் அம்மா, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர், எல்லோரும் விசில் டீச்சர் என்று கூப்பிடுவார்களே அவர், எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு நம் தாளைப் பார்த்துவிட்டு மேடேறியிருக்கிறார். நடுவில் ஆறு பலகை அடியோடு புரண்டு கிடந்திருக்கிறது. புதர் மூடியிருந்ததால் தெரியவில்லை. முதலில் போன டீச்சர் தொடை வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டார். மூன்று பேர் படுத்துக்கொண்டு இழுத்திருக்கிறார்கள். ஆள் வந்துவிட்டார், இடது கால் ஷூ வரவில்லை, கணுக்கால் பிசகிவிட்டது. திங்கட்கிழமை கட்டோடு நம் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. உங்கள் வீட்டம்மா பார்த்த பிறகு புரண்டிருக்கும் சார், மழை அப்படி என்று அவரே சமாதானம் சொல்கிறார். அப்பா எழுந்து, ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். தப்பு என்னோடதுதான், இனிமே வேற யாராவது எழுதட்டும் என்றார். நான் கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்றேன். வாய் திறக்கவில்லை. உன் அம்மாவா என்று நீ கேட்பாய். நானேதான்.

அதற்குப் பிறகு அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தவர்தான். காலுக்குப் பயிற்சி கிடையாது, ஊன்றுகோல் மூலையில் சாத்தினது சாத்தினபடி. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், வைக்காவிட்டால் கேட்கவில்லை. பயிற்சியை விட்டால் இடுப்பு இறுகிவிடும், அப்புறம் நாற்காலியே கதி என்று டாக்டர் எச்சரித்திருந்தது எனக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. என் பொய்யால் இந்த மனுஷன் எழுந்து நடக்காமலே போய்விடுவாரோ என்று பயந்தேன். தையல் கடையில் ஒரு கோட்டுக்குக் கை ஒன்று நீளம் ஒன்று குட்டையாகத் தைத்துக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்.

வியாழக்கிழமை காலையில் அவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, பருந்து, தொப்பி, வெட்டுமரம், முட்டை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மேட்டில் ஒரு அடிகூட வைத்ததில்லை என்றும் சொல்லிவிட்டேன். அவர் கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு காய் உரித்தார். பிறகு நிமிராமலே சொன்னார்.

"தெரியும். மேட்டுச் சேறு கறுப்பு. உன் ஷூவுல ஒரு வாரம்கூட கறுப்பு இருந்ததில்ல."

ஒன்பது வாரமும் அந்த ஷூவை மடியில் வைத்துத் துடைத்தவர் அவர்தானே. அப்புறம் ஏன் எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, அந்தப் பலகைகளைப் போன வருஷம் தானே ஆணி அடித்துப் போட்டதால் இரண்டு வருஷம் அசையாது என்று நம்பியதாகச் சொன்னார். அது மட்டும்தானா என்றேன். உரித்த தோலை ஒதுக்கித் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"கண்ணால பாக்காத தண்டவாளத்துக்கு ஒருநாளும் நான் கையெழுத்துப் போட்டதில்ல. ஆனா பாப்பா போனதுலேர்ந்து நீ அப்படிப் பேசி நான் பாக்கல. கேட்டா நிறுத்திடுவியேன்னு விட்டுட்டேன்."

நான் அழுதேன், மறைப்பானேன். பிறகு தப்பு யாருடையது என்று இரண்டு பேரும் அரைமணி நேரம் சண்டை போட்டோம். என்னுடையது என்று நான், என்னுடையது என்று அவர். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு சண்டை நாங்கள் போட்டதே இல்லை. கடைசியில் ஆட்டோ பிடித்து விசில் டீச்சர் வீட்டுக்குப் போய் இருவரும் ஒப்புக்கொண்டோம். அன்றைக்குச் சமாதானம் சொன்னவர் இன்றைக்கு விட்டார் பார் ஒரு டோஸ். எட்டுப் பேர் உயிர் உங்களுக்கு விளையாட்டா என்று ஆரம்பித்து வகுப்புக்கு வெளியே நிற்க வைத்த பிள்ளைகளை மாதிரி வாங்கு வாங்கென்று வாங்கினார். வாங்க வேண்டியதுதான், வாங்கிக்கொண்டோம். எல்லாம் முடிந்த பிறகு சாவியைத் திரும்பக் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை. இனிமேல் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் யார் நடந்து பார்த்தது, எதுவரை பார்த்தது என்று எழுத வேண்டும். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எழுத வேண்டும். பாக்கலன்னு எழுதினா யாரும் உங்கள ஒண்ணும் சொல்லப் போறதில்ல, நாங்க பாத்துப் போய்க்குவோம் என்றார். இவ்வளவு சுலபமான ஒரு வரி ஒன்பது வாரமாக எனக்குத் தோன்றவே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு பால் வண்டிக்காரர் அப்பாவைக் காட்டுச் சாலை வழியாகக் கொண்டுவந்து மரக் கதவுக்கருகே இறக்கிவிட்டார். அதே வெட்டுமரத்தில் அப்பா உட்கார்ந்தார். என் கையில் அவர் ஊன்றுகோல், கழுத்தில் டீச்சர் கொடுத்த விசில். பத்துப் பத்துப் பலகைக்கு ஒரு தடவை நான் ஊத வேண்டும், அவர் பதிலுக்குக் கையைத் தட்ட வேண்டும் என்று பேச்சு. முதல் பத்துக்கு ஊதினேன், தட்டினார். அடுத்த பத்துக்கு ஊதினேன், தட்டினார். அப்புறம் காற்றில் அவர் தட்டியது கேட்கவில்லை. தட்டிக்கொண்டுதான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு மேலே போனேன். ஒவ்வொரு பலகையையும் கோலால் குத்திப் பார்த்தேன், புரண்ட இடத்தில் புதர் வேரூன்றின கெட்டித் தரை வழியாகச் சுற்றினேன், உச்சிக் கல்லைத் தொட்டேன். அங்கிருந்து பார்த்தால் ஆறு முழுக்கத் தெரிகிறது பாப்பா, வளைந்து வளைந்து நம் தெரு வரைக்கும். உண்மையாகவே ஒரு பருந்து இருந்தது. திரும்பி வந்தபோது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் ஷூவைத்தான் பார்த்தார். கணுக்கால் வரைக்கும் தார் பூசின மாதிரி கறுப்பு. அந்த ஷூவைத் துடைக்கவே விடமாட்டேன் என்கிறார், வாசலில் காய்ந்து கிடக்கிறது, தபால்காரரிடம்கூடக் காட்டியாகிவிட்டது. பயிற்சியை மறுநாளே ஆரம்பித்துவிட்டார்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால் உனக்காகத்தான். நல்லா இருக்கேன், வேலை அதிகம், சாப்பிட்டேன், கவலைப்படாதீங்க என்கிறாய் போனில். பதினொரு வாரமாக அதே நான்கு வரி, ஒரு எழுத்து மாறாமல். முன்னாலெல்லாம் வீடியோவில் ஜன்னலைக் காட்டுவாய், தொட்டிச் செடியைக் காட்டுவாய், பக்கத்து வீட்டுப் பூனையைக் காட்டுவாய். இப்போது சுவர்தான் தெரிகிறது. ஒப்பிக்கிறவர்களை எனக்குத் தெரியாதா, நானே ஒன்பது வாரம் ஒப்பித்தவள். என்ன நடந்தது என்று நான் குடையவில்லை. வேலை போய்விட்டதா, மனசு உடைந்ததா, அல்லது எல்லாம் சரியாக இருந்தும் ஒரு கதவைத் தாண்டக் கால் வரவில்லையா, எதுவாக இருந்தாலும் நானும் அப்பாவும் திட்டப் போவதில்லை. ஆனால் உன் ஷூவை மடியில் வைத்துத் துடைக்க எங்களுக்கு வழியில்லை கண்ணு. நீயாகச் சொன்னால்தான் உண்டு.

அப்பாவின் தாள்கட்டிலிருந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மூன்று வரி, பக்கத்தில் எதுவரை என்று ஒரு கட்டம். நிரப்பி அனுப்பு. கதவுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அப்படியே எழுது, மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தலைக்கு எண்ணெய் வை, பல் டாக்டரைத் தள்ளிப் போடாதே, ஈரத் தலையோடு தூங்காதே. நீ எங்கே இருந்தாலும் உன் காலுக்கடியில் தரை உறுதியாக இருக்கட்டும், இல்லாத இடத்தில் கை கொடுக்க ஆள் இருக்கட்டும்.

ஆற்றோரம்: கரை காய்ந்திருக்கிறது, பயமில்லாமல் வரலாம். நான் நடந்து பார்த்தது, முழுக்க.
காடு: சாய்ந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். நான் நடந்து பார்த்தது, முழுக்க.
மேடு: ஆறு பலகை இல்லை, சுற்றிப் போகலாம், பயமாகத்தான் இருக்கும். நான் நடந்து பார்த்தது, உச்சி வரை.
நீ: பார்க்கவில்லை.

அன்புடன்,
உன் அம்மா