மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம்

இன்றைக்குக் காலையில் பொம்மைக் கொட்டகையைத் திறந்ததும் வாளியில் தண்ணீர் மொண்டு தரையில் தெளித்தேன். காய்ந்து கிடக்கும் வெள்ளை மண்தூளில் தண்ணீர் பட்டதும் ஒரு வாசனை எழும்புமே, அது மூக்கில் ஏறியது. கை அப்படியே நின்றுவிட்டது. "நல்லாத் தெளி புள்ள, படியட்டும்" என்று நீ பின்னாலிருந்து சொல்லப் போகிறாய் என்று திரும்பிப் பார்த்தேன். நீ உட்காரும் இடத்தில் சுரண்ட வேண்டிய பிள்ளையார்கள் வரிசையாக இருந்தார்கள்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, உனக்குத் தெரியும். ஆனாலும் உன்னிடம் சரியாகச் சொல்லாமல் விட்ட சேதி ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ நல்லூர்ப் பக்கம், நான் கம்மாபுரம். விருத்தாசலத்தில் ஒரே தெருவுக்கு வாழ வந்தோம், ஒரே பொம்மைக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தோம். தொட்டியில் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி எடுத்த பொம்மை காய்ந்த பிறகு ஓரத்தில் நிற்கும் பிசிறைத் தகட்டால் சுரண்டவேண்டும். சுரண்டச் சுரண்டத் தூள் பறக்கும். கல்மாவு கலந்த தூள். சாயந்திரத்துக்குள் இமைமுடி வரை வெளுத்துப்போகும். "காலைல கொமரியா வந்தோம், கெழவியா போறோம்டி" என்று முந்தானையை உதறிக்கொண்டு சிரிப்பாய். அந்தச் சிரிப்பு முடியும்போதெல்லாம் இருமல் வர ஆரம்பித்தது எப்போது என்று யோசித்துப் பார்க்கிறேன். பிடிபடவில்லை. அவ்வளவு மெதுவாக வந்தது.

சளி என்றார்கள். மாத்திரை வாங்கித் தின்றாய். தண்ணீர்க் குடத்தை நடுவில் இறக்கி வைத்து இறக்கி வைத்துத் தூக்கினாய். ஒருநாள் நான் தரையில் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாய்.

"தூசி பறந்தா நாம இன்னாடி பண்றோம்?"

"தண்ணி தெளிக்கிறோம்."

"நெஞ்சுக்குள்ள பறந்தா?"

"அங்க யாரு போயி தெளிக்கிறது?"

"காத்துதான் தெளிக்கணும். ஈரக் காத்தா இழுத்தா உள்ள இருக்கிறதெல்லாம் அப்பிடியே படிஞ்சிடும். கடலுக்குப் போவணும் புள்ள."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இத்தனை வருஷம் தூசியோடு கிடந்தவர்கள், தூசிக்கு வேறு என்ன வைத்தியம் கண்டோம்? கல்யாணம் ஆனபிறகு நாம் ஊர்விட்டு ஊர் போனதெல்லாம் கோயிலுக்கும் சாவுக்கும்தான். லீவு நாளில் புளிச்சோறு கட்டிக்கொண்டு, சிதம்பரம் போய், அங்கே டவுன் பஸ்ஸு மாறி, முதலில் சாமியார்பேட்டைக்குப் போனோம்.

டாக்டரம்மா முன்னால் திறப்பது மாதிரி வாயைத் திறந்துகொண்டு கடலுக்கு நேராக நின்றாய். "வாய மூடுடி, மீனு பூந்துடப் போவுது" என்றேன். "பூந்தா கொழம்பு வச்சிக்கலாம், நீ சும்மா கெட" என்றாய். முழங்கால் வரை நனைந்தாய். திரும்பி வரும்போது ஜன்னலோரம் சாய்ந்து, இருமாமல் தூங்கினாய். சேத்தியாத்தோப்பில் விழித்து என் தொடையில் தட்டிச் சொன்னாய்: "பாத்தியா, படிஞ்சிடுச்சு." நான் நம்பினேன். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

அடுத்தது பரங்கிப்பேட்டை. அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கவே உன்னால் முடியவில்லை. தெருவுக்கு ஒருதரம் நின்று செருப்பைச் சரிசெய்தாய். செருப்பில் ஒன்றும் கோளாறு இல்லை, எனக்குத் தெரியும். டீக்கடை பாய் நம்மைப் பார்த்துவிட்டு ஸ்டூலை எடுத்து வெளியே போட்டார். "எங்கம்மா போவணும்?" "கடலுக்கு." "உக்காந்து டீ குடிச்சிட்டு மெதுவா போங்க. கடலு எங்கயும் எழுந்து போயிடாது." நீ சிரித்தாய். சிரிப்பின் வாலில் நீண்ட இருமல். அவர் கேட்காமலேயே வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு ஆறு கடலில் சேரும் இடம் வரைக்கும்தான் போனோம். படகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தது. அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். நெஞ்சு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. நம் கொட்டகை ஜன்னல் கண்ணாடி மாதிரியே இருந்தது. "கல்தூசிம்மா. நுரையீரல்ல படிஞ்சி இறுகிப் போச்சு. படிஞ்சது திரும்ப வராது. இனிமே அந்த வேலைக்குப் போவாதீங்க" என்றாள். குரல் நல்ல குரல்தான், பாவம்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.  பிறகு, "படியணும்னுதானடி அவ்ளோ தூரம் பஸ்ஸு ஏறினோம்" என்றாய். நான் அழுதேன். நீ அழவில்லை. என் முந்தானையை இழுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஒருக்கா மறுபடியும் போவலாம்" என்றாய்.

"இன்னாத்துக்கு? அதான் சொல்லிட்டாங்களே."

"வைத்தியத்துக்கு இல்லடி. சும்மா. நாம எப்ப சும்மா ஒரு எடத்துக்குப் போனோம், சொல்லு?"

அப்படித்தான் முடசலோடைக்குப் போனோம். அங்கே கரையில் நின்றால் கடல் தெரியாது. முன்னால் கிடப்பது உப்பங்கழி. அதைப் படகில் தாண்டினால் நீளமாக ஒரு மணல் திட்டு. அதன் மேட்டில் ஏறினால்தான் அந்தப் பக்கம் கடல். படகுக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்க இன்னாம்மா இருக்குது? ஒரு கடகூட கெடையாது."

"காத்து இருக்குதுல்ல?" என்றாய்.

"காத்து இங்கயும்தான் இருக்குது."

"இங்க கருவாட்டு நாத்தம் அடிக்குதுண்ணே. அங்க போயி நல்லதா பொறுக்கி எடுத்துக்குறோம்."

அவர் சிரித்துக்கொண்டே கை கொடுத்து ஏற்றினார். துடுப்புப் போடும்போது, சுனாமிக்கு முன்னால் அந்தத் திட்டில் வூடுகள் இருந்ததாகவும், பிறகு யாரும் குடிபோகவில்லை என்றும் சொன்னார். நீ கையைத் தண்ணீரில் விட்டபடி கேட்டுக்கொண்டு வந்தாய்.

மணலில் காலை வைத்தாய். கொஞ்ச தூரம் ஏறினாய். இடிந்த சுவர் ஒன்று மணலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றாய், பிறகு உட்கார்ந்தாய். உன் நெஞ்சிலிருந்து விசில் மாதிரி சத்தம் வந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் அலை அடிப்பது நன்றாகக் கேட்டது. அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். "பொம்மையாடி நானு?" என்று என் கையைத் தட்டிவிட்டாய். "நீ போயி பாத்துட்டு வந்து சொல்லு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். உன்னைத் தனியாக விட்டுவந்த பயத்தில் பார்த்ததும் திரும்பினேன்.

"இன்னா இருக்குது?"

"தண்ணிதான்."

"தண்ணிதான்னு சொல்லவா உன்ன அனுப்புனேன்? நல்ல ஆளப் புடிச்சி அனுப்புனேன் போ" என்று திட்டினாய். புளிச்சோற்றைச் சுவர் ஓரத்திலேயே தின்றோம்.

மழைக்காலத்தில் போய்விட்டாய். மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். சுற்றிலும் காற்று இருந்தும் உனக்கு இழுக்க வரவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்திருந்த உன் விரலில், நகக்கண்ணில் அந்த வெள்ளை இன்னும் இருந்தது. ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் கிடந்தும் அது போகவில்லை.

நான் இன்னும் அதே கொட்டகையில்தான். வேறு எங்கே போவேன்? ஈரத்துணி கட்டிக்கொண்டு சுரண்டுகிறேன்.

போன வாரம் தனியாக முடசலோடைக்குப் போனேன். அதே படகுக்காரர். "அந்தம்மா வரல?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, கூலியும் வாங்கவில்லை. மணலில் ஏறும்போது பாதியில் எனக்கு மூச்சு முட்டியது. அந்தச் சுவரைப் பிடித்து நின்றேன். என் நெஞ்சிலும் மெல்லிசாக அந்த விசில். வெயிலாக இருக்கும் என்று யாரிடமாவது சொல்லலாம். உன்னிடம் எப்படிச் சொல்ல?

உட்கார்ந்து, எழுந்து, ஏறிவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கோ.

கரையோரத்தில் தண்ணீர் நம் தொட்டியில் கரைத்த மண்ணு மாதிரி கலங்கலாக இருக்கிறது. தள்ளிப்போனால் பச்சை. அதற்கும் அப்பால், ஜாடிக்கு மேல்பூச்சு நல்லா ஓடிச் சூளையில் வெந்து வந்த மாதிரி பளபளவென்று நீலம். அலை மேலே நுரை வெள்ளையாகப் பறக்கிறது, பார்த்தால் நாம் சுரண்டும் தூள் மாதிரியே. ஆனால் அது படியவில்லை புள்ள. வருகிறது, கலைகிறது, திரும்ப வருகிறது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் எதுவும் எங்கேயும் படியாத இடம் அது. நண்டு ஒன்று என் காலுக்குப் பக்கத்தில் வந்து நின்று என்னைப் பார்த்துவிட்டு ஓடியது. ஆள் ஒருத்தரும் இல்லை. காற்று மட்டும் அப்படி அடிக்கிறது, உனக்கும் எனக்கும் போக இன்னும் மிச்சம் இருக்கும்.

படகுக்காரர் கூப்பிட்டும் நான் இறங்கவில்லை. நன்றாக, நிதானமாகப் பார்த்துக்கொண்டேன். அடுத்த தடவை அந்தச் சுவரைத் தாண்டி மேட்டில் ஏற முடியாமல் போனால், போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல எனக்கு ஆள் இல்லை.