உள்ளங்காலில் ஏது சாயம்?

தென்னேரி
3-2-2025

சாயப்பட்டறை உதயகுமார் அவர்களுக்கு,

போனில் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள், அதனால் அம்மா வீட்டிலிருந்து இந்தக் கடிதம். ஐந்தாம் மாத ரத்தப் பரிசோதனையில் எனக்கு சிபிலிஸ் என்று வந்திருக்கிறது. கிருமியால் வருவது, உறவில் ஒட்டுவது. கவனிக்காமல் விட்டால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகுமாம். செத்தே பிறக்கலாமாம். பென்சிலினில் குணமாகும் என்கிறார்கள், முதல் ஊசி போட்டாயிற்று. நீங்களும் உடனே ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

உங்கள் மனைவி
இளவரசி

பிள்ளையார்பாளையம்
8-2-2025

இளவரசிக்கு,

இந்த அசிங்கத்தை தபால்ல வேற அனுப்புறியா? அம்மாவைக் கேட்டேன். அது பொம்பள சீக்காம். பேர்லயே இருக்குது, ஊசி உனக்குத்தான். எனக்கு ஒரு வலி கிடையாது. ஐப்பசியில உள்ளங்கை, உள்ளங்கால்ல வந்த செம்புள்ளிகூட சாயம் ஒத்துக்காம வந்தது, தானா போயிடுச்சு. எங்க போய் வாங்கினு வந்தியோ அங்கயே இரு. அம்மா தெரு பூரா அதைத்தான் சொல்லிக்கினு இருக்காங்க.

உதயகுமார்

தென்னேரி
13-2-2025

உதயகுமாருக்கு,

பொம்பளையிடம் போய் ஆம்பளை வாங்கி வருவதால் அந்தப் பேர், ஐயா! பொம்பளைக்கு மட்டும் வரும் என்று எந்த மடையன் சொன்னான்?

நர்ஸ் மேரி அக்காவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். முதலில் வலிக்காத புண் வந்து தானே ஆறுமாம். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளி. அதுவும் மறையுமாம். கிருமி மட்டும் உள்ளேயே கிடந்து, பல வருஷம் கழித்து இதயத்தையும் மூளையையும் கெடுக்குமாம். சாயத்தில் கையை விடுகிறீர்கள், சரி. ரப்பர் பூட்ஸ் போட்டு நிற்கிறவருக்கு உள்ளங்காலில் ஏது சாயம்?

இளவரசி

பிள்ளையார்பாளையம்
2-3-2025

இளவரசிம்மா,

செங்கல்பட்டுல, தெரிஞ்சவங்க இல்லாத ஆஸ்பத்திரியா பார்த்து ரத்தம் குடுத்தேன். எனக்கும் இருக்குது. ஊசி போட்டுக்கினேன். போன ஆடியில பட்டுநூல் எடுக்க பெங்களூரு போனப்ப... ஒரே தடவைம்மா. புண்ணு வந்துச்சு, உடம்புச் சூடுன்னு விளக்கெண்ணெய் தடவினேன். குழந்தைக்கு ஒண்ணும் ஆவாதே? வந்து கூட்டிக்கினு போறேன். அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம், உசிரை விட்டுடுவாங்க.

உன் உதயா

தென்னேரி
7-3-2025

உதயகுமாருக்கு,

எனக்கு மூன்று ஊசியும் முடிந்தது. ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருக்கிறது. பிறந்ததும் அதற்கும் ரத்தம் பார்ப்பார்கள், அதுவரை பயந்துகொண்டுதான் இருப்பேன். நீங்கள் வர வேண்டாம். உங்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பெங்களூரு போனதைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தை இன்று காலை உங்கள் அம்மா பெயருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். தெருவில் அதையும் சொல்லட்டும்.

இளவரசி