அரக்கு வைத்த குமிழ்

பிரியமுள்ள காதர் பாய்க்கு, உங்கள் தம்பி விசு எழுதிக்கொண்டது.

நம் ரேடியோ நிலையத்தில் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் இல்லாத சமயத்தில் நடந்தது என்பதால் விவரமாகவே சொல்கிறேன். அதிகாரிகள் கூடினார்கள். காப்பி வந்தது, ஆறிப்போய் மறுபடியும் வந்தது. இறுதியில், வெளியிடங்களுக்கு நாம் எடுத்துச் செல்லும் பேச்சுப் பெட்டியின் குமிழ் இனி இரண்டாம் கோட்டுக்கு மேல் திரும்பக் கூடாது என்று தீர்மானமாயிற்று. தீர்மானத்தோடு விடவில்லை. குமிழை இரண்டாம் கோட்டில் நிறுத்தி, அதன் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றினார்கள். தலைமைக் குமாஸ்தா மெழுகுவத்தியைப் பிடித்துக்கொள்ள, பெரிய அதிகாரி தம் கையாலேயே முத்திரை குத்தினார். தேசத்துக்குச் சுதந்திரம் வந்த அன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு நிறைவை நான் பார்க்கவில்லை.

காரணம் நீங்கள்தான். அன்றைக்கு உபன்யாசத்தில் ராமர் காட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ரேடியோ வைத்திருந்த வீடுகளிலெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் "இன்னா சாமி, டீ வந்துச்சா?" என்று நீங்கள் என்னைக் கேட்டது பட்டணம் முழுக்கக் கேட்டுவிட்டது. பேச்சுப் பெட்டியைக் கடைசிக் கோடு வரை ஏற்றி வைத்திருந்ததால் உங்கள் குரல் பக்கத்துக் கம்பிக்குத் தாவிவிட்டது என்று கண்டுபிடிக்க இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. சம்பந்தப்பட்டவர் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு காலமாகிவிட்டார் என்று கோப்பில் குறித்திருக்கிறார்கள். ஆகவே தண்டனையைக் குமிழ் அனுபவிக்கிறது.

உங்கள் இப்போதைய விலாசம் தபால் இலாகாவுக்குத் தெரியாது. அதனால் இதைப் பத்திரிகைக்குத்தான் அனுப்பப்போகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காக நம் வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சபாவில் கச்சேரி நடக்கும்போது மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் நான் ஒரு கருவியோடு உட்கார்ந்திருப்பேன். பாடுகிறவருக்கு ஒரு மைக், பக்கவாத்தியத்துக்கு ஒரு மைக், ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழ். இரண்டும் கலந்து போகிற அளவை ஓர் ஊசி காட்டும். அது சிவப்பில் ஏறினால் வீட்டு ரேடியோவில் குரல் கிழியும். கீழே படுத்துவிட்டால் இரைச்சலில் முழுகிப்போகும். அங்கிருந்து நிலையத்துக்கு டெலிபோன் கம்பியில் இரண்டு லைன். ஒன்றில் பாட்டு போகும். மற்றொன்று பேச்சு லைன். அதற்குத்தான் அந்தப் பேச்சுப் பெட்டி; நிலையத்திலிருந்து பேசுவது எனக்கு எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும் என்பது அதன் குமிழின் கையில். நிலையத்தில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்து, ஜனங்கள் காதில் பாட்டு எப்படி விழுகிறது என்று கேட்டு எனக்குச் சொல்ல வேண்டும். ஏத்து, இறக்கு, சரி. உத்தியோகத்துக்கு இந்தச் சொற்கள் போதும்.

நீங்கள் அவற்றோடு நின்றதே கிடையாது. "சாமி, மிருதங்கத்த மடில போட்டு தாலாட்டிகினு கீறியா? அம்மா கொரல் எங்க பூட்ச்சு? தேடி எடு, தேடி எடு" என்பீர்கள். நான் பாட்டின் குமிழைத் திருப்புவேன். "ஆங், வந்துட்டாங்க. குந்த வையி."

அந்தத் தம்பூரா விஷயத்தை நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை. நான் சொல்லிவிடுகிறேன். "சாமி, தம்பூரா கேக்குதா?" என்றீர்கள். "பேஷா கேக்கறது பாய்" என்றேன். "எனக்குக் கேக்கல. எட்டிப் பாரு" என்றீர்கள். திரையை விலக்கிப் பார்த்தேன். கம்பி அறுந்து, தம்பூரா போட்டவர் வேறு கம்பி தேடி உள்ளே போயிருந்தார். தம்பூரா மேடையில் பக்கவாட்டில் படுத்துக்கிடந்தது.

காது எத்தனை நாளாக இப்படி என்று நீங்கள் கேட்டிருக்கலாம். டாக்டரிடம் போனாயா என்று கேட்டிருக்கலாம். "சரி வுடு சாமி. இன்மே நான் கேக்குறேன், நீ திருப்பு" என்றீர்கள். அவ்வளவுதான். ஊசி அளவைச் சொல்லும். ஆடுவது மிருதங்கத்துக்கா குரலுக்கா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல நீங்கள் இருந்தீர்கள். அதன் பிறகு நான் செய்த கச்சேரிகளை நன்றாக இருந்தன என்று புகழ்ந்தார்கள். நன்றாகத்தான் இருந்திருக்கும்.

போன வெள்ளிக்கிழமை மீர்சாகிப்பேட்டையில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் மாமா மாமா என்று என்னைச் சுற்றிக்கொண்டன. பெரியவன் உங்களைப் போலவே கத்திப் பேசுகிறான். அவன் பேசுவது எனக்கு முழுக்கக் கேட்டது. அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று, "அவுங்க போனப்புறம் ஊட்ல ஒரு சத்தமே இல்ல தம்பி" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் என்றேன்.

உங்கள் நாற்காலியில் இப்போது ரங்கநாதன் என்று ஒருவர். தற்காலிக நியமனம். நன்றாகப் படித்தவர், நல்ல ஞானம் உள்ளவர். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கினால்கூட எழுப்பக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அத்தனை மெல்லிய குரல். அந்தக் குரல், அரக்கு வைத்த குமிழ், என் காது. இந்த மூன்றையும் ஒரே கம்பியில் கோத்தால் என்ன மிஞ்சும்? காய்ந்த இலையை யாரோ மிதிப்பது போல ஒரு சரசரப்பு. அது நின்றதும் நான் "சரி" என்பேன். அங்கே மழையா என்று கேட்டிருக்கிறார், சரி என்றிருக்கிறேன். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டிருக்கிறார், அதற்கும் சரி.

மார்கழி பிறந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காதில் என்னென்னவோ எண்ணெய் விட்டுப் பார்த்தேன்; தலையணைதான் பாழாயிற்று. கடைசியில் என் மனைவி கோமதியிடம் கெஞ்சினேன். அவள் ஹாலில் முன்வரிசையில் உட்கார வேண்டும். பாட்டு அமுங்கினால் உள்ளங்கையை மேலே திருப்ப வேண்டும். மிஞ்சினால் கீழே கவிழ்க்க வேண்டும். ஹாலில் கேட்பது வேறு, மைக்கில் விழுவது வேறு என்பது எனக்குத் தெரியாததல்ல. தண்ணீரில் விழுந்தவன் கயிற்றின் தரத்தைப் பார்ப்பானா?

"இவ்வளவுதானே? இதுக்கா சாப்பிடாம கொள்ளாம மோட்டுவளையைப் பாத்துண்டு உக்காந்திருந்தேள்?" என்றாள் கோமதி.

"வெளியில தெரிஞ்சா வேலை போயிடும்டி."

"தெருவுக்கே தெரியும். உங்க ஆபீசுக்குத்தான் தெரியாது."

மயிலாப்பூரில் ஒரு சபா. பாடியவர் வயதான அம்மாள். மெல்லிய சாரீரம், ஆனால் பிடி விடாதது. மிருதங்கக்காரர் வாலிபர், சாப்பாட்டில் குறை வைக்காதவர் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. திரையில் ஒரு கிழிசல் வழியாகக் கோமதியின் வலது கை எனக்குத் தெரிந்தது. ஆலாபனை முழுவதும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கை மேலே திரும்பிற்று, ஏற்றினேன். கவிழ்ந்தது, கொஞ்சம் இறக்கினேன். நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு அந்த அம்மாள் சவுக்கமாக, மெல்ல நடக்கும் காலத்தில், ஒரு கீர்த்தனையை எடுத்தார். ஆதி தாளம். கோமதி சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்டவள். உங்களுக்கு நினைவிருக்கும், அடுப்பில் பால் பொங்கும்போதுகூடப் பக்கத்து வீட்டு ரேடியோவுக்குத் தாளம் போடுவாள். கை கவிழ்ந்து தொடையில் விழுந்தது. இறக்கினேன். விரல்களை எண்ணினாள், எங்கள் ஒப்பந்தத்தில் அதற்குப் பொருள் இல்லை, காத்திருந்தேன். கை மறுபடி விழுந்தது, இறக்கினேன். புரண்டது, ஏற்றினேன். விழுந்தது. புரண்டது.

ஆவர்த்தனம் ஆவர்த்தனமாகத் திருப்பினேன், பாய். ஊசியைக் கவனிக்காமல் இல்லை. பாவம், அது சாதுவாகத்தான் நின்றது. நான்தான் அதைத் தூக்கித் தூக்கிப் போட்டேன். அம்மாள் மைக்கை விட்டு விலகி விலகி வருகிறார் என்று நானே ஒரு காரணமும் செய்துகொண்டேன். பேச்சு லைனில் சரசரத்தது. "சரி" என்றேன். மறுபடி சரசரத்தது. "சரி." பட்டணத்தில் ரேடியோ உள்ள வீடுகளிலெல்லாம் அந்த அம்மாளின் குரல் தாளம் தவறாமல் வீங்கி வீங்கி வற்றிக்கொண்டிருந்தது.

கீர்த்தனை முடிந்து, கைதட்டலில் கோமதியின் இரண்டு கைகளும் சேர்ந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அவள் கண்கள் மூடியிருந்தன.

மறுநாள் விசாரணை. பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பெரிய அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அரக்கு அப்படியே இருந்தது. ஆகவே கருவியில் கோளாறு இல்லை. நிலையத்திலிருந்து சொன்ன ஒவ்வொன்றுக்கும் நான் சரி என்றிருக்கிறேன். அதற்குச் சாட்சி உண்டு. ஆகவே நான் சொன்னபடி நடந்திருக்கிறேன். ஆகவே சொன்னதுதான் தவறு. மாதக் கடைசியோடு ரங்கநாதனை நிறுத்திவிடுவதென்று முடிவாயிற்று. என்னை வெளியே வரும்போது தட்டிக்கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் ரங்கநாதன் மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாய் அசைந்தது. நான் கோமதியைப் பார்த்தேன். அவர் சொன்னதை எல்லாம் அவள் உரக்கத் திருப்பிச் சொன்னாள், ஏதோ அவருக்குத்தான் காது கேட்காது என்பது போல.

"குமிழைத் தொடாதீங்கோன்னுதான் சார் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சரின்னேள். என் குரல்லதான் ஏதாவது தோஷமோ? ஆத்துலயும் சொல்லுவா, நான் பேசறது எனக்கே கேக்காதுன்னு. அடையாறு சமுத்திரக் கரையில போய்க் கத்திப் பழகிண்டிருக்கேன். ஒரு மாசம் டயம் குடுத்தா சரியாயிடும்னு பெரியவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் ஏதோ சொன்னார். இந்தத் தடவை கோமதி குரலைத் தாழ்த்திக்கொண்டு என் காதருகே வந்து சொன்னாள்.

"பாட்டு நடுவுல நீங்க லைன்ல, பாய், ஒண்ணுமே கேக்கலை, ஏதாவது சொல்லுங்கோ பாய்னு கூப்பிட்டேளாம். விசாரணையில இதை அவர் சொல்லலையாம்."

எனக்கு அப்படிக் கூப்பிட்டதே நினைவில்லை. ஆனால் கூப்பிட்டிருப்பேன். இப்போதும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்?

ரங்கநாதன் காப்பியைத் தொடாமலே போனார். கோமதி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது, "அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பாய், எனக்கு வழி தெரியவில்லை. குமிழ் திருப்புவதைத் தவிர வேறு வேலை நான் பழகவில்லை. காது போன ஒலிக்காரனை எவன் வைத்துக்கொள்வான்? இரண்டு குழந்தைகள் பள்ளிக்கூடம் போகின்றன. தினமும் காலையில் எழுந்ததும் கோமதி கிணற்றடியில் வாளியை இறக்கும் சத்தத்துக்காகக் காத்துப் படுத்திருக்கிறேன். சில நாள் வருகிறது. சில நாள் அவள் ஈரத் துணியோடு எதிரே வந்து நிற்கும்போதுதான் வாளி இறங்கி ஏறிவிட்டது என்று தெரிகிறது. தம்பூராவின் மேல் விரல்கள் போய் வருவதைப் பார்த்து அது ஒலிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். இப்படி எத்தனை நாள்? நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? சும்மா இரு சாமி, நான் கேக்குறேன் என்பீர்களா? அல்லது, அந்தப் பையன் சோத்துல மண்ணப் போட்டுட்டு நீ எப்டி துன்றே என்பீர்களா? இரண்டையும் உங்கள் குரலில் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகக் கேட்கின்றன. அதுதான் கஷ்டம்.

கெஞ்சிக் கேட்கிறேன், ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். குமிழ் இரண்டாம் கோட்டில்தான் இருக்கிறது. கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

சரி. நீங்கள் சொல்ல மாட்டீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். காதில் விழாத எதற்கும் இனிமேல் "சரி" என்று சொல்வதில்லை. திங்கட்கிழமை காலையில் பெரிய அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்று, அந்தத் தம்பூராவிலிருந்து தொடங்கிக் கோமதியின் கை வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லப்போகிறேன். இது உங்கள் மேல் ஆணை. பெரியவன் உங்கள் குரலில் என்னை மாமா என்று கூப்பிடுகிறான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்கள் பிள்ளைகளுக்கு மாமாவும்
உங்களுக்கு என்றைக்கும் தம்பியுமான
விசு

பி.கு.: திங்கட்கிழமை மத்தியானம் இதைச் சேர்க்கிறேன். எல்லாம் சொல்லியாயிற்று, பெட்டியைக் கடைசிக் கோடு வரை ஏற்றியது என் காதுக்காகத்தான் என்பது உட்பட. ரங்கநாதன் உங்கள் நாற்காலியிலேயே இருக்கிறார். குமிழின் மேல் இருந்த அரக்கைத் தலைமைக் குமாஸ்தா பேனாக்கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டார். என் இடத்துக்கு வருகிறவர் அதைத் தமக்கு வேண்டிய கோட்டுக்குத் திருப்பிக்கொள்ளலாம்.