புளி போட்டுத் தேய்த்த வெள்ளிக்காசுகள்

இன்று காலை அடுப்படியிலிருந்து புளி வாசம் வந்தது. என் மனைவி கமலா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் விறுவிறுவென்று போய் அவள் கையிலிருந்த விளக்கைப் பிடுங்கித் தொட்டியில் எறிந்தேன். உள்ளே கிடந்த பீங்கான் தட்டு இரண்டாக உடைந்தது. "பைத்தியமா புடிச்சிருக்கு ஒங்களுக்கு?" என்று கத்தியவள், என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "அந்த அண்ணன் ஞாபகமா?" என்றாள். நீ போய் மூன்று வருடமாகிறது. இன்னும் இந்த வீட்டில் யாராவது புளியைக் கையில் எடுத்தால் எனக்கு வெறி பிடிக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

நீயும் நானும் அடித்துக்கொண்டே வளர்ந்தவர்கள். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்தில், ஒரே தொழிலாளர் லயத்தில், அடுத்தடுத்த வீடு. பள்ளிக்கூட லோரியில் ஓர இடத்துக்காக அடித்துக்கொண்டோம். உன் புருவத்தில் இருந்த வெட்டு நான் விட்ட கல்லால் வந்தது. என் சுண்டுவிரல் கோணலாக இருப்பது நீ கதவிடுக்கில் வைத்து நசுக்கியதால். மறுநாள் எதுவுமே நடக்காததுபோல் வாசலில் வந்து நிற்பாய். "வாடா, தே குடிக்கலாம்" என்று தேநீர்க் கடைக்கு இழுப்பாய். மன்னிப்பு என்ற பேச்சே நமக்குள் இருந்ததில்லை. பெரியவர்களாகி, கல்யாணம் கட்டிய பிறகும் அப்படித்தான்.

தோட்டம் கைமாறியபோது இருவருக்கும் ஒரே அளவு இழப்பீடு கிடைத்தது. நான் ரவாங் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தேன். என் பணத்தில் கம்பெனிப் பங்குகள் வாங்கினேன். நீ புது முதலாளியிடம் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டு லயத்திலேயே இருந்தாய். உன் பணத்தில் பழைய வெள்ளிக்காசுகள் வாங்கினாய். ராணி தலை, ராஜா தலை போட்ட வெள்ளைக்காரன் காலத்துக் காசுகள். யாரிடம் எது இருக்கிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டு உலு யாம்வரைக்கும் மோட்டாரில் போவாய்.

பாசிர் பெனம்பாங் கடையில் நண்டு சாப்பிடப் போன அன்று நடந்தது நினைவிருக்கிறதா? நான்தான் சீண்டினேன்.

"ஒன் காசு முப்பது வருசம் டின்னுல கெடந்தாலும் குட்டி போடாதுடா. என் ஷேரு வருசா வருசம் டிவிடென் குடுக்குது. அவசரம்னா ஒரு போன் போட்டு வித்துருவேன். ஒன் காச வாங்க நீ ஒரு கிறுக்கனத் தேடணும்."

"கிறுக்கனுங்க கூடிக்கிட்டே போறானுங்க, காசு கொறஞ்சுக்கிட்டே போவுது. அதான்டா வெல. கம்பெனி கவுந்துச்சுன்னா ஒன் காகிதத்துல மூக்குகூட சிந்த முடியாது. என்னுது உருக்குனாலும் வெள்ளிலா."

"அப்ப ஸ்டாம்ப் வாங்கு, ஜப்பான்காரன் காலத்து நோட்டு வாங்கு. அதுவும் பழசுதானே?"

"நோட்டக் கரையான் தின்னும். ஸ்டாம்ப மழ தின்னும். வெள்ளிய எவன்டா தின்ன முடியும்?"

ஆத்திரத்தில் நண்டு ஓட்டை உன் முகத்தில் எறிந்தேன். நீ என் சட்டைக் காலரைப் பிடித்து மேசைமேல் சாய்த்தாய். கடை முதலாளி தவுக்கே கரண்டியை ஓங்கிக்கொண்டு ஓடிவந்து இருவரையும் வெளியே தள்ளினார். வீடு திரும்பும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தோம்.

பிறகு தோட்டம் மறுபடியும் கைமாறியது. லயத்தை இடித்து வீட்டுமனை போடப்போகிறார்கள், தீபாவளிக்குள் முன்பணம் கட்டுகிற குடும்பத்துக்கு ஒரு தரைவீடு சலுகை விலையில் கிடைக்கும், கட்டாதவர்கள் வெளியேற வேண்டும் என்றார்கள். நீ பதறவில்லை. கோலாலம்பூர் காசு வியாபாரி ஒருவன் உன் காசுகளைப் பார்த்து விலை சொல்லியிருந்தான். முன்பணத்துக்குச் சரியாக இருந்தது. ஆனால் பாதி லயம் காலியாகிவிட்டதால் பட்டப்பகலிலேயே திருடர்கள் புகுந்து மின்கம்பியை அறுத்துக்கொண்டு போனார்கள். ஒருவனை நீ அரிவாள் பிடியால் அடித்துக் கையை ஒடித்தாய். அன்று மாலையே பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய்.

"அந்த ஆளு வர்ற வரைக்கும் இங்க இருக்கட்டும். பத்திரம்டா. என் வீடே இதுக்குள்ளதான் இருக்கு."

பத்திரமாகத்தான் வைத்திருந்தேன், ஆயுத பூஜை வரும்வரை. அன்று வீட்டில் இருந்ததையெல்லாம் கழுவினோம். வாசலில் நின்ற காடியைக் கழுவினேன், ஸ்பானரைத் துடைத்தேன், கமலா தையல் மெஷினைத் துடைத்தாள். அப்போதுதான் உன் டின் நினைவுக்கு வந்தது. சாமி முன்னால் வைத்தால் நல்ல விலைக்குப் போகும் என்று நினைத்தேன். திறந்தால் எல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தன. அழுக்கோடு எதையும் சாமி முன் வைத்துப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது. புளியைக் கரைத்து ஊறவைத்தேன். சாம்பலைத் தொட்டுத் தேங்காய் நாரால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். ராணியின் மூக்கு பளபளத்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம். சந்தனம், குங்குமம் வைத்துத் தாம்பாளத்தில் அடுக்கினேன்.

மறுநாள் நீ வந்து தாம்பாளத்தைப் பார்த்தாய்.

"என்னடா செஞ்ச?"

"கழுவுனேன். எப்படி மின்னுது பாரு."

முதல் அடி தாடையில் விழுந்தது. இரண்டாவதில் பல் போனது. பின்மண்டை சாமி அலமாரியில் மோதி, படங்களின் கண்ணாடி நொறுங்கி என்மேல் கொட்டியது. ஏன் அடிக்கிறாய் என்று தெரியாமலே நான் உன் கையைக் கடித்தேன். வாயெல்லாம் ரத்தம், உன்னுடையதா என்னுடையதா தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர் வந்து உன்னை இழுத்தார்கள். அப்போது நீ அழுதுகொண்டிருந்தாய். "அந்தக் கறுப்புக்குத்தான்டா வெல! நூறு வருசம் புடிச்ச கறுப்புடா அது!"

வியாபாரி வந்தான். பூதக்கண்ணாடி வைத்து நாரின் கீறல்களைப் பார்த்தான். வெள்ளி எடைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன் என்றான். முன்பணத்தில் கால்வாசிகூட தேறவில்லை.

நான்கு நாள் கழித்து நீயே வந்து தே குடிக்கக் கூப்பிட்டாய். என் கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"ஒன் ஷேர வித்துக் குடு மச்சான். கெடுத்தது நீ. வீட்டக் காப்பாத்திக்கிறேன், மெதுவா திருப்பித் தந்துர்றேன்."

நீ கேட்டது நியாயம். ஆனால் அந்த வருடம் சந்தை அடிமட்டத்தில் கிடந்தது. விற்றால் பாதி போய்விடும். "இப்ப வித்தா நட்டம்லா. ரெண்டு வருசம் பொறு, டபுளா ஏறும். லாங் டெர்ம்னா பொறுக்கணும்" என்றேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தவனிடம் இரண்டு வருடம் பொறுக்கச் சொன்னேன். நட்டத்துக்குப் பயந்தேன் என்பது பாதி உண்மை. வீங்கிய கன்னத்துக்குப் பழிவாங்கினேன் என்பது மீதி. நீ என்னைப் பார்த்தாய். கை முஷ்டியாக மூடியது, பிறகு தானாகத் திறந்துகொண்டது. பாதித் தேயை வைத்துவிட்டு எழுந்து போனாய்.

லயத்தை இடித்த அன்று குலை வெட்டும் அரிவாளோடு வாசலில் நின்றாயாம். காவலுக்கு வந்தவர்கள் உன்னைக் கீழே தள்ளி மிதித்தார்களாம். நான் அன்று வேலைக்குப் போயிருந்தேன். லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. நீ உலு யாமில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, செங்கல் லோரியில் ஏற்றி இறக்கப் போனாய். அடுத்த வருடம் ஒரு மதியம் செங்கல் மொத்தமும் உன்மேல் சரிந்தது. சாவு வீட்டில் உன் முகத்தை யாருக்கும் காட்டவில்லை. நான் துணியை விலக்கப் போனேன், என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

பங்கு ஏறியது. நான் சொன்னபடியே இரட்டிப்பாக ஏறியது. கொஞ்சம் விற்று, பணத்தை ஓர் உறையில் போட்டு உன் மனைவியிடம் கொண்டுபோனேன். என்னை எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அன்று உறையை வாங்கிப் பிரித்துப் பார்த்து, என் முகத்திலேயே விட்டெறிந்தாள்.

"அவரு கேட்டப்ப இல்லாத காசு, அவரு செத்தப்புறம் எங்கருந்துயா வந்துச்சு?"

கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். வராந்தாவில் மண்டியிட்டு நோட்டுகளைப் பொறுக்கினேன். நான்கு வீட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிச்சப் பங்குகள் இன்னும் என் பேரில் இருக்கின்றன. விற்கவும் கை வரவில்லை, வைத்திருக்கவும் பிடிக்கவில்லை. இன்று காலையும் விலை ஏறியிருக்கிறது. நேற்று வேலையிடத்தில் பக்கத்து மேசைக்காரன், "நீங்க கெட்டிக்காரரு சார், பொறுத்து ஜெயிச்சிட்டீங்க" என்றபோது அவன் பல்லை உடைக்கத் தோன்றியது. அன்று பாதி விலைக்கு விற்றுத் தொலைத்திருந்தால் நீ உன் வீட்டில் இருந்திருப்பாய். இந்நேரம் ஏதாவது ஒன்றுக்கு நான் உன்னிடம் அடி வாங்கிக்கொண்டிருப்பேன்.