அப்பாவின் காலும் என் சாட்சியும்

கோலசிலாங்கூர்
14 ஜூலை, திங்கள்

அன்பு மகள் விஜயராணிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதினால் அது நான் சொல்லும் இரண்டாவது பொய்யாகிவிடும், ஆகவே எழுதவில்லை. இன்று காலை அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். போனில் பேசினால் அவர் காதில் விழும், டைப் செய்ய எனக்கு விரல் வராது. காகிதத்தில் எழுதிக் கொடுங்க, படம் பிடித்து அனுப்புறேன் என்று உன் தம்பி குகன் சொன்னான். ரவாங்கில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். அவனும் இதைப் படிப்பான். படிக்கட்டும், அவனுக்கும் தெரியவேண்டியதுதான்.

போன வருஷக் கடைசியில் அப்பாவுக்கு எண்ணெய்த் தோட்டத்தில் வலது காலில் செம்பனை முள் குத்தியது உனக்குத் தெரியும். சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை, வாரம் இரண்டு முறை கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஜனவரியில் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தபோது, கவலையை விட்டுத் தேவனை நம்பு என்கிற வசனம் எனக்கு வந்தது. அதை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்று கவலைப்பட்டேன். பெண்கள் ஐக்கியத்துக்கு நான் தலைவி வேறு. கவலைப்படுவது அவிசுவாசம் என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து புண்ணை டார்ச் அடித்துப் பார்ப்பேன். பிப்ரவரியில் மேல்தோல் மூடிக்கொண்டது. உள்ளே இன்னும் ஆறல ஆன்ட்டி, கட்டுப் போடுறத நிறுத்திறாதீங்க என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, யாருக்காவது சாட்சி உண்டா என்று பாஸ்டர் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரருடைய காலைக் கர்த்தர் பூரணமாகச் சுகமாக்கிவிட்டார் என்றேன். சபை முழுக்க ஸ்தோத்திரம். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. முதலில் விசுவாசத்தோடு வாயால் அறிக்கை செய், பிறகு கிடைக்கும் என்று நம்மவர்கள் சொல்வார்களே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அப்பா கிளினிக்குக் கிளம்பவில்லை. ஏன் என்று கேட்டேன். நீதான் சபையில சொல்லிட்டியே, நம்ம ஆளுங்க பாதிப் பேரு அந்தக் கிளினிக்லதான உக்காந்திருக்காங்க, நான் போய்க் கால நீட்டுனா நல்லாவா இருக்கும் என்றார். ராணி, அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். ஜெபக்கூட்டம் என்றாலே முதுகு வலிக்கிறது என்று படுத்துக்கொள்கிற மனுஷன் விசுவாசத்தில் என்னையே மிஞ்சிவிட்டாரே என்று பெருமை. ஐக்கியத்தில் அதையும் ஒரு கதையாகச் சொன்னேன். ஏப்ரலிலிருந்து வீட்டுக்குள்ளேயே காலுறை போட ஆரம்பித்தார். வயசாச்சு, குளிருது லா என்றார். இந்த வெயிலில் கோலசிலாங்கூரில் யாருக்குக் குளிரும்? தெரிந்தும் கழற்றிப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் என் சாட்சிக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம். ஜூனில் துணி துவைக்க எடுத்தபோது அந்தக் காலுறையின் நாற்றம் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

முழங்காலுக்குக் கீழே எடுத்தாகவேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டதும் உனக்குத் தெரியும். குகன் அழுது பார்த்தான். டாக்டர் கையிலயும் கர்த்தர்தான ஐயா இருக்காரு என்று பாஸ்டர் வந்து சொல்லிப் பார்த்தார். கர்த்தர் பாத்துக்குவாரு என்பதைத் தவிர அப்பா வாயில் வேறு வார்த்தை இல்லை. மூன்று வாரம் போனது. அப்போதுதான் நீயும் போனில், கவலைப்படாதீங்கம்மா, தேவன்கிட்ட விட்டுருங்க என்றாய். நான் பட்டென்று வைத்துவிட்டேன். உன்மேல் கோபம் இல்லை கண்ணு. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம்கூட அதே வார்த்தையைச் சொல்லி, தோளில் தட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறேன் நான். அது கேட்பவளுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நேற்று சாட்சி நேரத்தில் மறுபடியும் எழுந்தேன். பிப்ரவரியில் நான் சொன்னது உண்மை இல்லை, ஆறாத காலை ஆறிவிட்டது என்று சொன்னேன், இப்போது அந்தக் காலை வெட்டச் சொல்கிறார்கள் என்றேன். ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பாஸ்டர் ஜெபிக்க வாயெடுத்து, முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. வீட்டுக்கு வந்ததும், அந்த ஆபரேஷன் தாளக் கொண்டா என்றார். கையெழுத்துப் போட்டார். ஏங்க, இவ்வளவு நாளும் இதைச் செய்திருக்கலாமே என்று நான் அழுதேன். அன்னம்மா பொய் சொன்னான்னு நாலு பேரு சொல்லிறக் கூடாதுன்னு பாத்தேன், இப்ப நீயே சொல்லிட்ட, இனி இந்தக் கால யாருக்காக வச்சிருக்கிறது என்றார்.

அவர் தேவனை நம்பி உட்கார்ந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன் ராணி. என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள், இதுகூட எனக்குத் தெரியவில்லை. நம்பிக்கை இருந்திருந்தால் நான் பேசாமல் அவரைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய், கட்டுப் போட்டு, காத்திருந்திருப்பேன். எனக்கு இருந்தது கவலைதான். அதை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல் சாட்சி என்று பெயர் வைத்து எழுந்து நின்றுவிட்டேன். இன்று காலை சோதித்த டாக்டர், விஷம் ஏறிவிட்டது, இனி முழங்காலுக்கு மேலே என்கிறார். இதயமும் பலவீனமாம், மயக்க மருந்து தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாதாம். பிப்ரவரியில் போட்டிருந்தால் ஒரு கட்டு. இப்போது தொடை. உயிர்கூட நிச்சயம் இல்லை.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆபரேஷன், உங்களுக்குக் காலை ஏழு. டிக்கெட் கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் மனதைப் போட்டு உடைக்காதே. நாளை அப்பாவிடம் பேசும்போது வசனம் எதுவும் சொல்லாதே, காலைப் பற்றியும் கேட்காதே. சின்னவளைப் பேசவிடு, அவள் குரலைக் கேட்டால் சிரிப்பார். மாப்பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொடு, நீயும் சாப்பிடு. உடம்பில் எங்கே வலித்தாலும் டாக்டரிடம் காட்டு, அதைச் செய்வதால் கர்த்தர் உன்மேல் கோபப்பட மாட்டார்.

உன்னையும் உன் வீட்டையும் அவர் கைவிடாமல் காக்கட்டும். இதை எழுதக் கை வருகிறது. ஆனால் மூன்று நாளாகக் கண்ணை மூடினால் எனக்கு ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அதனால் புதன்கிழமை ஏழு மணிக்கு என் பங்குக்கும் சேர்த்து நீ ஜெபித்துவிடு.

உன் அம்மா
அன்னம்மா திருச்செல்வம்